பள்ளிக்கூட வளவுக் குழி

1942 மார்ச் 10, செவ்வாய்

அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த ஆகாயத் தாக்குதல் அறிவித்தலை ஐயா என்னிடம் தந்து பிரதி எழுதச் சொன்னார். கிராமச் சங்கத் தலைவரின் மகள் அல்லவா நான்? பெருமையாக இருந்தது. "தண்டவாள மணி அடித்ததும் ஊரார் எல்லோரும் கிட்டவுள்ள குழியில் இறங்க வேண்டும்." நல்ல, தெளிவான வசனம்.

பள்ளிக்கூட வளவில் பதுங்கு குழி வெட்டி முடிந்துவிட்டது. எங்கள் தோட்டத்து வேலையாள் ஏரம்புதான் வெட்டினான். அடியில் சுண்ணாம்புக்கல். இரும்பு அலவாங்கு பிடித்து அவன் உள்ளங்கை பிய்ந்திருக்கிறது.

மார்ச் 14, சனி

ஏரம்புவின் மனைவி பூரணம் எங்கள் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறாள். வருகிற சனி நடக்கும் ஆகாயத் தாக்குதல் ஒத்திகைக்குப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வா என்றேன்.

"எங்களுக்கு எங்கை நாச்சியார் குழி?"

"உன்ரை புருசன் வெட்டினதுதானே!"

சிரித்தாள். அவர்கள் எங்கள் கிணற்றில் அள்ளக்கூடாத சாதி என்பது எனக்குத் தெரியும். ஆனால் குழி கிணறு அல்லவே. அறிவித்தலை வாசித்துக் காட்டினேன். வருகிறேன் என்றாள்.

மார்ச் 21, சனி

இன்று ஒத்திகை நடந்தது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மணி அடித்தது. பூரணம்தான் முதலில் ஓடி வந்து பிள்ளையுடன் குழியில் இறங்கிக் குனிந்தாள். அறிவித்தலில் உள்ளபடியே. பிறகு எங்கள் ஆட்கள் வந்தார்கள். விளிம்பில் நின்றுவிட்டார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

சங்கத்துக் காவலர் நடராசா அண்ணை விசில் ஊதி ஊதிக் களைத்தார். "இறங்குங்கோ! மேலை ஏறோப்பிளேன் நிக்குது!"

"அவள் ஏறட்டும், இறங்கிறம்," என்றார் கமலாவதி மாமி.

"மாமி, குண்டு விழுந்திட்டுது. நீங்கள் செத்துப்போனியள்."

"செத்தால் செத்துப்போறன் தம்பி. துடக்கோடை சாகமாட்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். மொட்டை வெயிலில், எதிரியின் விமானத்துக்குக் கீழே நின்றுகொண்டு சிரிக்கிறார்கள்! நான் இறங்கிப் பூரணத்தின் பக்கத்தில் குந்தினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் தலையைக் கையால் மூடியபடி இருந்தாள்.

ஐயா வந்தார். அவளைப் பார்த்து, "ஏறடி வெளியிலை," என்றார்.

அம்மா கிணற்றடியில் நிறுத்தி என் தலையில் வாளி வாளியாக ஊற்றினா. "வாசிச்சு வாசிச்சு உனக்கு மண்டை பிழைச்சுப் போச்சு." வெறுக்கிறேன். எல்லோரையும்.

மார்ச் 22

தீட்டுக் கழியக் குழிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். குண்டுத் தீயை அணைக்க மணல் வாளி நிரப்பத்தான் சங்கத்துக்கு ஆள் கிடைக்காது.

மார்ச் 24, செவ்வாய்

ஏரம்புக் குடும்பத்துக்கு எங்கள் தோட்டத்தில் இனி வேலை இல்லையாம். நான் வரச் சொன்னதற்கு அவர்களுக்கு ஏன் தண்டனை?

ஐயாவிடம் போய், அவர்களுக்கும் ஒரு குழி வெட்டக் கேட்டேன்.

"சங்கத்திலை அப்பிடித் தீர்மானம் இல்லை."

"யப்பான்காரன் தீர்மானம் பாத்தோ குண்டு போடுவான்?"

செம்பு பறந்து வந்து சுவரில் பட்டது. நான் விலகவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்றுக் கொழும்பில் குண்டு போட்டுவிட்டார்கள். இங்கே சுன்னாகம் ஸ்டேசனில் மூட்டை முடிச்சோடு சனம் இறங்குகிறதாம்.

ஏரம்பு தான் குடியிருக்கும் கொட்டிலுக்குப் பின்னால் தானே ஒரு குழி வெட்டியிருக்கிறான். ஊர் அதிகாரி விதானையார் அதைக் கண்டு ஐயாவிடம் வந்தார். கொட்டில் இருக்கும் காணி எங்களுடையது. "கேளாமல் வெட்டினவன், மூடட்டும்," என்றார் ஐயா. ஊரைக் காக்கப் பொறுப்பெடுத்த சங்கத்தின் தலைவர்!

கத்தினேன். அழுதேன். சாப்பிடமாட்டேன் என்று படுத்தேன். கடைசியில் ஐயா கதவடியில் நின்று சொன்னார்:

"குழி கிடக்கட்டும். ஆனால் நீ இனி அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது. வைச்சியெண்டால் அண்டைக்கே மூடுவிப்பன்."

ஓம், போகமாட்டேன் என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

திருகோணமலையில் குண்டு என்று தந்தி வந்ததாம். மணி அடித்தது. இது ஒத்திகை இல்லை. அம்மா என் கையைப் பிடித்து ஓடினா. காற்று எதிர்ப்பக்கமாக வீசியது. கொட்டில் பக்கம் மணி கேட்டிருக்குமா? கேட்டிருக்காது. கையை உதறிவிட்டு ஓடினேன்.

அவர்கள் குழிக்குள் இருந்தார்கள். ஏரம்பு மேலே பனையோலையை இழுத்துக்கொண்டிருந்தான். பூரணம் நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு கோபத்தை அவள் முகத்தில் நான் கண்டதில்லை.

"ஏன் வந்தனீங்கள்? ஆரும் கண்டால் இதையும் மூடுவினம். போங்கோ நாச்சியார்! போங்கோ!"

பிள்ளை வீரிட்டது. ஓலை மூடிக்கொண்டது.

திரும்பி ஓடினேன். வானத்தில் ஒன்றுமில்லை. பள்ளிக்கூட வளவில் நடராசா அண்ணை என்னைத் தூக்கிக் குழிக்குள் விட்டார். ஆட்கள் நெருங்கி இடம் தந்தார்கள். கமலாவதி மாமி என் பாவாடையில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தா.

"எங்கையடி போனனீ?"

எதிரே ஐயா இருந்தார்.

"ஒரு இடமும் போகேல்லை மாமி. ஓடி வந்த வழியிலை, ஒழுங்கையிலை விழுந்திட்டன்," என்றேன்.