தொட்டால் தெரிகிறதா?

இன்று காலை சிவாஜிநகரில் பஸ் ஏறியதும் முகப்பவுடர் வாசனை. பக்கத்தில் நின்ற அம்மாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தார். கையில் மருந்துப் பை. சட்டென்று உன் ஞாபகம் வந்தது.

நாம் செய்த ஆப், தோல் டாக்டருக்குப் போட்டோ அனுப்புவதற்கானது. பொத்தான்களைப் பெரிதாக்கி, தமிழும் கன்னடமும் வைத்து, யாரும் தடுமாறாதபடி நான் வரைந்தேன். அனுப்பியவர்களைப் போனில் கூப்பிட்டுப் பேசுவது உன் வேலை. ஒருநாள் அடுகோடியிலிருந்து ஒரு பெண்ணின் கன்னத்துப் போட்டோ மாசுமருவில்லாமல் வந்தது. டாக்டர் 'ஒன்றுமில்லை' என்று எழுதுவதற்குள் நீ அவளைக் கூப்பிட்டாய்.

"டாக்டர் பாக்கப்போறாருன்னு குளிச்சு, பவுடர் போட்டுத்தான் எடுத்தேன்மா."

நம் ஜனங்கள் டாக்டரிடம் அப்படித்தானே போவார்கள்! நமக்குத்தான் அது தோன்றவேயில்லை.

"ஸ்வல்ப, கொஞ்சம் பவுடரத் தொடைங்கக்கா. அந்த எடத்த தொட்டா தெரியுதா?"

"இல்லம்மா... வெளுத்த எடம் மரத்த மாதிரி இருக்கு."

போனைப் பொத்திக்கொண்டு நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் என்னவாக இருக்கலாம் என்று இருவருக்கும் தெரியும். டாக்டர் நேரில் வரவழைத்துப் பார்த்ததில் தொழுநோய்தான். ஆரம்பத்திலேயே பிடித்ததால் எந்த ஊனமும் இல்லாமல் மாத்திரையில் குணமானாள். அதன் பிறகு நீ அடம்பிடித்து ஆப்பில் ஒரு திரையைச் சேர்க்க வைத்தாய்: பவுடரைத் துடையுங்கள், தொட்டால் தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

மழைக்காலக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, போன் செய்ய வேறு ஆள் வைக்கவில்லை. இன்று மேனேஜர் அந்தத் திரையையும் எடுக்கச் சொன்னார்.

"அந்த ஸ்கிரீன்ல வந்துதான் எல்லாரும் விட்டுட்டுப் போறாங்க. ஈஸியா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எடுக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடுமோ என்று பயம்தான். அதைவிடப் பெரிய பயம் வேறு. அந்தத் திரையைப் படிக்காமலே தாண்டிப் போகிறவர்களை இனி யார் கேட்பது?

முன்பின் தெரியாதவர்களிடம் போனில் பேச எனக்கு எவ்வளவு நடுக்கம் என்று உனக்குத் தெரியும். நம் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வராவிட்டால்கூட உன்னைத்தான் பேசச் சொல்வேன். மத்தியானம் ஆப்பில் பளிச்சென்று ஒரு முகம் வந்தது, ஜீவனஹள்ளிக்காரர். நம்பரை அழுத்தினேன். எடுக்காமலிருந்தால் தேவலை என்றுகூட நினைத்தேன். எடுத்துவிட்டார்.

"யாரும்மா பேசறது?"

பயத்தில் என் பெயருக்குப் பதில் உன் பெயரைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் 'தொட்டா தெரியுதா' என்று கேட்கப் பேச்சு வந்தது.