மேட்டை வெட்டிய ஞாயிறு

மே 4, திங்கள்

சிரொக்கோக் காற்று. பல்கனி முழுக்க, கடல் தாண்டிச் சிசிலிக்கு வந்த ஆபிரிக்காத் தூசி. கொடியில் கிடந்த வெள்ளைத் துணியெல்லாம் தேத்தண்ணியில் முக்கினது போல. திரும்பத் தோய்க்க வேண்டும்.

பிரஷர் குளிசை முடிகிறது. என்ரை மனுசனின் ஆண்டுப் பூசைக்குப் பங்குச் சுவாமியிடம் சொல்ல வேண்டும். ஜெனியின் காற்சட்டை மறுபடியும் முழங்காலில் கிழிசல்.

கிழியட்டும். பேஸ்போல் ஆடுகிற பொடியன்கள் நடுவில் இவள் ஒருத்திதான் பெட்டை, அதிலும் பந்து எறிகிற ஆள். பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை. பயிற்சி கொடுக்கிற நினோக் கிழவரே சொன்னார், இப்படி ஒரு கையைக் கனகாலமாகக் காணவில்லையாம். கிழவர் அந்தக் காலத்தில், இவள் ஆடுகிற அதே மைதானத்தில் எறிந்தவர். சும்மா புகழுகிற வாய் இல்லை.

மைதானம் திருத்தி முடிந்தது. 17ஆம் திகதி ஞாயிறு திறப்பு. வாசலில் மைதானத்தின் கதையை எழுதிப் பலகை வைக்கிறார்கள். எழுதுகிறவர் நினோ. அதை ஜெனி போனில் கொண்டுவந்து தமிழில் சொல்லிக்காட்டினாள்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் வந்த அமெரிக்கப் பட்டாளம் மட்டையையும் பந்தையும் விட்டுப் போனதாம். துறைமுகத்துப் பொடியன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், அதில் நினோவின் தகப்பனும் ஒருவர். வெறும் காணிகளில் விளையாடிக் கனகாலம் கழித்துத்தான் மைதானம். உயர விளக்கு, சீமெந்துப் படி. நாப்போலியிலிருந்து ஆட்கள் கப்பலேறி வந்து ஆடினார்களாம். படிகளில் இருக்க இடமில்லாத சனமாம்.

"பிறகு, அப்பம்மா, 'பல வருஷம் ஒருத்தரும் இல்லாமல் கிடந்தது. இப்ப திரும்பப் பிறக்குது.' அவ்வளவுதான். ஃபினீத்தோ."

"ஒருத்தரும் இல்லாமலோ?"

"ஓம். அப்பிடித்தான் போட்டிருக்கு."

"அப்ப நாங்கள் ஆர்? பேயோ?"

சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 6, புதன்

காற்று நின்றுவிட்டது. மனம் நிற்கவில்லை. நான் வேலை செய்கிற சிஞ்ஞோரா வீட்டில் வெள்ளிக் கரண்டி துடைக்கும்போதும் அதே "ஒருத்தரும் இல்லாமல்". துடைத்த கரண்டியையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன். சிஞ்ஞோரா கேட்டா, உடம்பு சரியில்லையா என்று.

நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அப்போது மைதானம் பூட்டிக் கிடந்தது, வேலியில் ஓட்டை. ஞாயிறு பூசை முடிய எல்லாரும் அதற்குள்ளால். புல் இடுப்பளவு. கம்பி, பல்ப் எல்லாம் எங்களுக்கு முன்னமே யாரோ கழற்றிக்கொண்டு போயாயிற்று. ஆண்கள் புல்லை வெட்டிக் கிரிக்கெட் தொடங்கினார்கள். மன்னார் ஒரு பக்கம், யாழ்ப்பாணம் மறுபக்கம். தொடங்க முன் யாழ்ப்பாணத்தார் தேங்காய் உடைக்க, மன்னார்க்காரர் நாங்கள் சிலுவை போட. தோற்றவர்கள் சொல்லுவார்கள், தேங்காய் அழுகல் என்று.

விளையாட்டுக்காரர் இருக்கிற கூரை போட்ட பள்ளம் ஒன்று உண்டு. அது பெண்கள் பக்கம். சோற்றுப் பார்சல், மீன் பொரியல், பெர்மெசோ விசாக் கதை, ஆர் வீட்டில் ஆருக்குக் கலியாணம். கூரைக் குழாயில் என் சீலையைக் கட்டி ஏணை. ஜெனி அதில்தான் நித்திரை. இப்போது அதே பள்ளத்தில் தொப்பியோடு இருக்கிறாள், பெரிய ஆள் மாதிரி.

இனி அந்த மேடு. நடு மைதானத்தில் ஒரு மண்மேடு இருந்தது. யாரோ லொறியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மண் என்றுதான் எல்லாரும் நினைத்தது. நடுவில் மேட்டை வைத்துக்கொண்டு கிரிக்கெட் எப்படி? என்ரை மனுசன்தான் முதலில் மண்வெட்டி எடுத்தவர். பின்னால் மற்றவர்கள். ஒரே ஞாயிறில் தட்டை. நல்ல களிமண், எறிய மனம் வரவில்லை. கோயில் வளவுக்குக் கொண்டுபோய் மடு மாதா சொரூபம் நிற்கிற கெபியை அதன்மேல் கட்டினார்கள். மேட்டின் உச்சியில் மண்ணுக்குள் கிடைத்த வெள்ளை ரப்பர் துண்டு பக்கத்து வீட்டுக் கமலாவுக்குப் போனது. அவளுடைய சலவை மெஷினுக்கு அடியில் இன்றைக்கும் கிடக்கிறது.

பந்து எறிகிறவர் நிற்கிற இடமே அந்த மேடுதான் என்று ஜெனி விளையாடப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதற்குள் என்ரை மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மே 8, வெள்ளி

அன்ரன் வேலையால் வந்ததும் சொன்னேன், நினோவிடம் போகப் போகிறேன் என்று. மகனுக்குக் கோபம். கோப்பையைத் தள்ளிவிட்டான்.

"அம்மா, பேசாமல் இருங்கோ. மேட்டைக் களவெடுத்தவன் அம்பிட்டால் கையை முறிப்பன் எண்டு அந்தாள் சொல்லித் திரியிறார்."

"நான் மேட்டைப் பற்றிக் கதைக்கப் போகேல்லை. பலகையில எங்களையும் போடச் சொல்லத்தான் போறன்."

"அங்கை என்ன செய்தனீங்கள் எண்டு கேப்பாரே. அப்ப என்ன சொல்லுவியள்? செபமாலை சொன்னனாங்கள் எண்டோ?"

அவன் தகப்பனின் மூக்கு, தகப்பனின் குரல்.

"திறப்பு நாளில முதல் பந்து ஜெனிக்கெண்டு சொல்லிப்போட்டார். பிள்ளையின்ரை வாழ்க்கையில ஒரு நாள். கெடுத்துப்போடாதேங்கோ."

படியில் கமலா வேறு.

"அக்கா, என்னவும் சொல்லுங்கோ, என்ரை மெஷினைப் பற்றி மூச்சு விடாதேங்கோ. அது இல்லாட்டில் மெஷின் நடந்து நடந்து ரோட்டுக்குப் போயிடும்."

குளிசை வாங்க மறந்துபோனேன்.

மே 10, ஞாயிறு

பூசை முடிய மைதானத்துக்கு. நல்ல வெயில். ஓட்டை இருந்த இடத்தில் புது வேலி. வாசலால் போனேன், விருந்தாளி போல.

நினோ படியில் இடம் காட்டினார். "இருங்கோ சிஞ்ஞோரா. நான் எறியேக்க இந்தப் படியில இடம் பிடிக்கச் சனம் காலமையே வந்திடும். என்ரை மனுசியை நான் கண்டதும் இந்தப் படியிலதான். என்னைப் பார்க்க வரேல்லை, மற்றப் பக்கத்துக்காரனைப் பார்க்க வந்தவ."

சிரித்தேன். பலகைக் கதையைத் தொடங்கப் பார்த்தேன்.

புது மேட்டில் ஜெனி எறிந்தாள். கால் வழுக்கியது. மண் பொலபொலவென்று உதிர்கிறது. கிழவர் குனிந்து ஒரு பிடி அள்ளி உதறினார்.

"இது மணல். பழைய மண் காலைப் பிடிக்கும். அதையெல்லோ கொண்டுபோயிட்டாங்கள், நாசமாய்ப் போவாங்கள்."

நாசமாய்ப் போவாங்கள். என் மனுசனை. நான் எழும்பி வந்துவிட்டேன். வெயில் தலையிடி என்று சொன்னேன்.

மே 11, திங்கள்

நித்திரை சரியில்லை. ஒரு வேலையும் ஓடவில்லை. கறிக்கு உப்புப் போடவில்லை, அன்ரன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான்.

சொன்னால் பிள்ளையின் முதல் பந்து போகும். சொல்லாவிட்டால் நாங்கள் அங்கே இருக்கவேயில்லை என்று வாசலில் எழுதிவிடுவார்கள். அதை ஜெனியின் பிள்ளையும் வாசிக்கும்.

மே 13, புதன்

சொல்லிவிட்டேன்.

பயிற்சி முடிகிற நேரம். என் இத்தாலியன் சமையலறை இத்தாலியன், ஆனால் இன்றைக்குத் தடக்கவில்லை. ஓட்டை, புல், கிரிக்கெட், ஏணை, எல்லாம் சொன்னேன். பிறகு மேடு: வெட்டினது ஆர், மண் எங்கே போனது என்று.

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "உங்கட புருஷனோ?"

"ஓம். என்ரை புருஷன்தான். களவில்லை. ஆரோ கொட்டின குப்பை மண் எண்டு நினைச்சவர்."

"குப்பையோ! குப்பை!" பிறகு சிசிலியனில் கத்தினார். விளங்கினது, இங்கே எழுத மாட்டேன். பிள்ளைகளைப் போகச் சொல்லிவிட்டு வாசலைப் பூட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜெனி ஜன்னல் பக்கம் திரும்பியபடி.

"ஏன் அப்பம்மா? திறப்பு முடியச் சொல்லியிருக்கலாமே."

"முடிஞ்சால் பலகையும் வைச்சு முடிஞ்சிடும், ராசாத்தி."

"எனக்குப் பலகை வேண்டாம்."

எனக்கு வேண்டும். ஆனால் அதைச் சொல்லவில்லை.

மே 15, வெள்ளி

நேற்று ஒரு செய்தியும் இல்லை. ஜெனி கதைக்கவில்லை, காற்சட்டையைத் தைத்து மடித்து வைத்தும் எடுக்கவில்லை.

மே மாதம் மாதாவுக்குரியது என்பதால் பின்னேரம் கெபியடியில் செபமாலை. நடுவில் திரும்பிப் பார்த்தால் கோயில் வாசலில் நினோ. தொப்பி கையில். முடியும்வரை நின்றார். அவருக்கு நாங்கள் சொல்லுகிறது ஒன்றும் விளங்காது, ஆனாலும் சரியான இடத்தில் சிலுவை போட்டார்.

பிறகு கெபியடியில் குந்தினார். பூச்செடிக்குப் பக்கத்தில் கொஞ்ச மண் கிள்ளி, எச்சில் தொட்டு, விரலுக்குள் உருட்டினார். மூக்கில் வைத்தார்.

"இதுதான்."

உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினார்.

"பூட்டின பிறகு வேலி வரைக்கும் வந்து பார்த்திட்டுப் போறனான். புல்லைக் காண ஏலாமல் பிறகு வாறதையே விட்டிட்டன். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் வந்தனீங்களோ?"

"தூறலுக்கும் வந்தனாங்கள்."

தலையை ஆட்டினார். பிறகு: "ஒரு வெள்ளை ரப்பர் இருந்ததே?"

கமலா என் முதுகுக்குப் பின்னால். நான்தான் சொன்னேன், மெஷினுக்கு அடியில் என்று. கிழவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் ஒரு சிரிப்பு, இருமல் வந்து கண்ணீர் வந்து நிற்கும்வரை.

புது மேட்டுக்கு ஒரு வாளி மண் கேட்டார். சுவாமி சரி என்றார். கமலாவுக்குத்தான் பயம்.

"மாதாவிட்டைக் கேட்டனீங்களோ, அக்கா?"

"கேட்டனான். முழுக்க வேண்டாமாம், ஒரு வாளி எடுக்கட்டுமாம்."

வீட்டுக்கு வந்து ஜெனியிடம் சொன்னேன். காற்சட்டையை எடுத்து அளவு பார்த்தாள்.

மே 17, ஞாயிறு

வெயில். மழை வருமென்று குடை கொண்டு போனது வீண். சனம் படி முழுக்க, எங்கட ஆட்கள் பாதி. ரோல்ஸ், வடை, நினோவின் மனுசி செய்த கத்தரிக்காய்ப் பொரியல். கமலா வரவில்லை. ரப்பர் துண்டைக் கொடுத்துவிட்டாள், மெஷினுக்கு அடியில் டயர்த் துண்டு வைத்தாளாம், ஆடுகிறதாம், பக்கத்தில் நிற்க வேண்டுமாம்.

பலகை. அந்த ரப்பரைப் பலகைக்குக் கீழே ஆணி அடித்து வைத்திருக்கிறார். ஜெனி கடைசி வரியை வாசித்தாள்:

"பிறகு பல வருஷம் பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையளில தமிழர் வந்து விளையாடினவை. மேட்டை வெட்டினதும் அவைதான்."

அன்ரன் காதுக்குள்: "புகழுறாரோ, குற்றம் சொல்லுறாரோ?"

"ரெண்டும் இருக்கட்டும். இருந்தனாங்கள் எண்டு இருக்கே."

ஜெனி மேட்டில் ஏறினாள். கெபி மண் மேலே தெரிந்தது, கொஞ்சம் கறுப்பாக. காலை ஊன்றினாள். வழுக்கவில்லை. முதல் பந்து எங்கேயோ போனது. இரண்டாவது, பிடிக்கிற பொடியனின் கையுறைக்குள் டொம். கிழவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்ப்பது போல இருந்தேன்.

வந்து செருப்பைக் கழற்றவும் இல்லை, எழுதுகிறேன். பலகையில் நினோவின் தகப்பன், தகப்பனின் கூட்டாளிமார், நினோ, எல்லார் பேரும் இருக்கிறது. மேட்டை வெட்டின என்ரை மனுசன் பேர் இல்லை. கீழே இரண்டு விரல் அகலம் வெறுமையாக இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சூசைப்பிள்ளை என்று எழுத அது காணும். நாளைக்குக் காலமை முதல் பஸ், மைதானத்துக்கு.