நாற்காலி மறுபோட்டி

பிப்ரவரி 3, திங்கள்

இன்று குழந்தைகளை வட்டமாக நிற்கவைத்துக் கைகோக்கச் சொன்னேன். பதினான்கு குழந்தைகள், இருபத்தெட்டுக் கைகள். ஒன்றாவது காய்ந்திருக்க வேண்டுமே! ஒன்றில் பசை, ஒன்றில் பிஸ்கட் கூழ், ஒன்றில் மூக்கிலிருந்து நேரடியாக வந்த சரக்கு. மூன்று வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அருவருப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது. மழலையர் பள்ளி டீச்சர் என்றதும் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல, "உங்களுக்குக் குழந்தைங்கன்னா உயிரா இருக்குமே" என்பார்கள். உயிர்தான். கழுவித் துடைத்த பிறகு.

சுவர்ப்பல்லி இன்றும் வரவில்லை. பள்ளிக்கு வந்தான், வட்டத்துக்கு வரவில்லை. நான்கு வயது. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே நிற்பான். பத்து மணிக்குள் நெஞ்சு வரைக்கும் எச்சிலில் ஊறியிருக்கும். ச்சே. பெயர் வைத்தது நான்தான், மனதுக்குள் மட்டும்.

பிப்ரவரி 5, புதன்

மேடம் மாடிக்குக் கூப்பிட்டார். பள்ளி அவருடையது. கீழே இரண்டு வகுப்பும் ஒரு கூடமும், மேலே அவர் வீடு. மாதக் கடைசியில் பெற்றோர் தினமாம், கூட்டு விளையாட்டு என் தலையில்.

போர்வை விளையாட்டு வைக்கலாம் என்றேன். எங்கள் குழந்தைகளுக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான். பழைய படுக்கை விரிப்பின் விளிம்பைச் சுற்றி நின்று எல்லோரும் பிடிக்க வேண்டும், நடுவில் ஒரு பந்து, அது கீழே விழாமல் ஆட்ட வேண்டும். விழுந்தால் எல்லோரும் "அய்யோ!" என்று கத்துவார்கள். அந்தக் கத்தலுக்காகவே விழவிடுவார்கள்.

"அதெல்லாம் வேணாம்" என்றார் மேடம். "மியூசிகல் சேர் வைங்க. பாக்க வர்றவங்களுக்கு யார் ஜெயிச்சான்னு தெரிய வேணாமா?"

மூன்று வயது, நான்கு வயதுகளில் யார் ஜெயித்தால் என்ன? கேட்கவில்லை. வாயை வாடகைக்கு விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

படி இறங்கும்போது இன்னொன்று சொன்னார். "அந்தச் சுவத்தோரப் பையன் அன்னிக்கு ஆடியே ஆகணும். நாலு பேர் முன்னாடி அப்படி நின்னா நம்ம பேர்தான் கெடும். ஆடலைன்னா மார்ச்லேருந்து அனுப்ப வேணாம்னு அவங்கம்மாகிட்ட சொல்லிடுவேன். அவனோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அவன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வீட்டில் வேறு யாரும் இல்லை. சேர்த்த அன்றே என்னிடம் சொல்லியிருந்தாள்: "இவனை இங்க விட்டாத்தான் டீச்சர் எனக்கு வேலை." அது மேடத்துக்கும் தெரியும்.

பிப்ரவரி 6, வியாழன்

முதல் ஒத்திகை. பாட்டு நின்றது. உட்கார இடம் கிடைக்காத முதல் குழந்தை தரையில் மல்லாந்து விழுந்து அலறியது. அதைப் பார்த்து இரண்டாவது. மூன்றாவது அவுட்டே ஆகவில்லை, துணைக்கு அழுதது. ஒருத்தி அழுத அழுகையில் வாந்தியே எடுத்துவிட்டாள், என் செருப்பின் மேல். ஆயாம்மா துடைப்பத்தோடு வந்து நின்று, "இது விளையாட்டா, எழவு வீடா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 7, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டேன். அவுட் ஆகிற குழந்தைக்குப் புறங்கையில் ஒரு நட்சத்திர முத்திரை. நீல மை. குத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைதட்டலாம். அழுகை சுத்தமாக நின்றுவிட்டது. நான்கு பேர் அவுட் ஆவதற்குள் மணி அடித்துவிட்டது, அதோடு நிறுத்திக்கொண்டோம். என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சுவர்ப்பல்லி சுவரை விட்டு வந்தான்! எல்லோரும் சுற்றிக்கொண்டிருக்கும்போது, பாட்டுக்கு நடுவிலேயே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

"டீச்சர், அவன் பாட்டு நிக்கறதுக்கு முன்னாடியே உக்காந்துட்டான்! அது தப்பு! நீங்கதானே சொன்னீங்க!" இது குட்டி வக்கீல். நாலரை வயதுச் சிறுமி, சட்டம் பேசியே எல்லோரையும் சாகடிப்பாள்.

இருக்கட்டும் என்றேன். அடுத்த சுற்றில் அவனைக் கையைப் பிடித்து எழுப்பினேன். நடந்தான், ஆனால் என் சுட்டுவிரலை விடவில்லை. சப்பிய விரல்களால் பிடித்திருந்தான், கொழகொழவென்று. விடுவித்துக்கொண்டிருக்கலாம்.

பிப்ரவரி 12, புதன்

இன்றும் பிடித்துக்கொண்டே சுற்றினான். சோப்பு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

விரலைப் பிடிக்காமல் தனியாகவே இரண்டு சுற்று நடந்தான். முகத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாது. காலரை மட்டும் வாயிலிருந்து எடுத்திருந்தான். சாயங்காலம் அவன் அம்மாவிடம் சொன்னபோது, "என் பையனா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

கூடம் நிறையப் பெற்றோர். ஆளுக்கொரு கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், ஒரு முகம்கூடத் தெரியவில்லை. பாட்டைப் போட்டேன். நிறுத்தினேன். ஒரு குழந்தையும் உட்காரவில்லை. எல்லாம் நாற்காலியை விட்டுத் தெறித்து என்னை நோக்கி ஓடிவந்தன. "நான் அவுட்! நான்தான் முதல்ல அவுட்! ஸ்டார் குடுங்க டீச்சர்!" பதின்மூன்று கைகள் மூக்கடியில் நீட்டிக்கொண்டிருந்தன.

ஒத்திகையில் நாலு பேரோடு நிறுத்திக்கொண்டதன் பலன், முத்திரை கிடைக்காத மற்றவர்களுக்கெல்லாம் அதே ஏக்கம். நாற்காலி கிடைப்பது தண்டனை, கிடைக்காமல் போவது பரிசு என்று மூன்று வாரமாக நானே பாடம் நடத்தியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் பெற்றோர் பக்கமிருந்து கூச்சல். "உக்காருடா!" "போய் உக்காரு, எருமை!" ஒரு தாய், நல்ல உடுப்பு, நல்ல படிப்பு, பெண்ணின் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் நாற்காலியில் அழுத்தினாள். அது நழுவி மறுபடி என்னிடம் ஓடிவந்தது.

கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தவன் ஒருத்தன்தான். முத்திரை மை கையில் பட்டால் அவனுக்குப் பிடிக்காது, அதனால் ஓடி வரவில்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவில் தனியாக இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. சத்தமில்லாமல் அழுதான்.

மேடம் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "இந்தக் குழந்தை ஆறு மாசம் முன்னாடி எப்படி இருந்தான் தெரியுமா? நம்ம பள்ளியோட முறை இதுதான்!" ஜெயிப்பவருக்கென்று வாங்கிவைத்திருந்த கோப்பையை அவன் கையில் திணித்து, அழுகிற முகத்தைக் கேமரா பக்கம் திருப்பிவிட்டார். தாடையைப் பிடித்துத் திருப்பினார். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். குமட்டியது. மூக்குச்சளி பார்த்து இப்படிக் குமட்டியதே இல்லை.

ஆனால் மார்ச்சில் அவன் இருப்பான். அவன் அம்மா கோப்பையைத் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

மார்ச் 3, திங்கள்

குட்டி வக்கீலின் அப்பா வந்தார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும், காலையில் ஓடுகிறவராம். மூன்று குடும்பங்களைக் கூடவே கூட்டிவந்திருந்தார்.

"என் பொண்ணு தோக்கலை. தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காங்க. முறைப்படி ஒரு மறுபோட்டி வைக்கணும்."

மறுபோட்டி! மூன்றடி உயரத்துக்கு மேல் ஒருத்தர் இல்லாத போட்டிக்கு! சிரித்துக்கொண்டே மேடத்தைப் பார்த்தேன். மேடம் சிரிக்கவில்லை. பள்ளித் தோட்டத்துக்கு ஊஞ்சல் வாங்கித் தருவதாகச் சொல்லியிருப்பவர் இந்த அப்பாதான். "சனிக்கிழமை வச்சுக்கலாம் சார்" என்றார். முத்திரைக் கட்டையை என்னிடமிருந்து வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

வீட்டில் சொன்னேன். இவர், "அடுத்தது என்ன, மத்தியானத் தூக்கத்துல முதல் பரிசா?" என்றார். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

குட்டி வக்கீல் என் காதோடு வந்து சொன்னாள். "டீச்சர், பக்கத்துல யாராவது வந்தா இடுப்பால இடிக்கணும். கையால இடிச்சாத்தான் தப்பு. இடுப்புன்னா தப்பில்லை. அப்பா தினமும் சாப்பிடற நாற்காலி வச்சுச் சொல்லித் தர்றாங்க."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

யோசித்தாள். "அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு."

இன்று போர்வை விளையாட்டுக்குக் கூப்பிட்டேன். பந்து விழுந்ததும் யாரும் "அய்யோ" என்று கத்தவில்லை. "யாராலே விழுந்துச்சு?" என்று ஒருத்தன் கேட்டான். மற்றவர்கள் ஒருவரையொருவர் காட்டினார்கள். மூன்றே நாளில்! தூ. எவ்வளவு சுலபமாகக் கெடுத்துவிடுகிறார்கள்.

மார்ச் 8, சனி

தூங்கப் போகுமுன் எழுதிவிடுகிறேன்.

மூன்று நாற்காலி மிச்சம், நான்கு குழந்தைகள். சுவர்ப்பல்லியும் இருந்தான். போன வாரம்போலத் தனியாக விட்டுவிடுவார்கள் என்று பயந்தானோ என்னவோ, மற்றவர்களை ஒட்டி ஒட்டியே நடந்தான். பாட்டு நின்றது. குட்டி வக்கீல் இடுப்பால் இடித்தாள், சொல்லிக்கொடுத்தபடி அச்சு அசலாக. அவன் வாய் நாற்காலி விளிம்பில் மோதியது. உதடு கிழிந்து ரத்தம். "சூப்பர்!" என்று அவள் அப்பா கத்தினார். சத்தியமாகக் கத்தினார், நான் கேட்டேன். அவன் எழுந்து அவள் முழங்கையைக் கடித்தான்.

அவ்வளவுதான். அவள் அப்பா, "மிருகம்! இதையெல்லாம் எதுக்குச் சேத்தீங்க?" நாலு வயசுப் புள்ளையப் பாத்து மிருகம்னு சொல்றான் மனுஷன்! பையன் வாயில ரத்தம் வழியுது, ஒருத்தர் கண்ணுலயும் படலை. எல்லாரும் அந்தப் பொண்ணு முழங்கையவே பாக்குறாங்க, பல்லு பதிஞ்சிருக்கு, தோல்கூடக் கிழியலை.

அவனைத் தூக்கிக்கொண்டேன். ரத்தம், எச்சில், கண்ணீர், மூக்கு எல்லாம் என் தோளில். மீதி இருந்த நாற்காலிகளைக் காலாலேயே வாசலுக்குத் தள்ளினேன். "போட்டி முடிஞ்சுது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று சொன்னது என் குரல்தானா?

மேடம் எல்லோர் எதிரிலும் அறிவித்தார்: அந்தப் பையன் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டியதில்லை. எட்டு நாளைக்கு முன்னால் பள்ளியின் முறை அவன்தான்.

மார்ச் 10, திங்கள்

அவன் பையையும் தண்ணீர்ப் புட்டியையும் வாங்க அவன் அம்மா வந்தாள். அவனும் கூடவே, உதட்டில் தையல்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். கடிச்சிட்டானாமே" என்றாள்.

மன்னிப்பு இவள் கேட்கிறாள்! முதலில் இடித்தது யார், எப்படி அடிபட்டது என்று, சனிக்கிழமை வேலைக்குப் போயிருந்த அவளிடம் யாரும் சொல்லவே இல்லை. தானாக விழுந்தான் என்றிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேட்டுக்கொண்டே பையின் வாரைச் சரிசெய்தாள்.

"தெரிஞ்சு மட்டும் என்ன செய்ய? இந்த ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கேன். அடுத்த திங்கக்கிழமையும் வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க. ரெண்டு இடத்துல கேட்டேன் டீச்சர். கடிக்கிற பிள்ளைன்னு அதுக்குள்ள தெரிஞ்சிருக்கு."

மார்ச் 11, செவ்வாய்

மேடத்திடம் போய்ப் பேசினேன். இடுப்பால் இடிக்கச் சொல்லிக்கொடுத்த கதையையும் சொன்னேன்.

"எல்லாம் தெரியும்" என்றார் சாவகாசமாக. "ஊஞ்சல் வந்து இறங்கிடுச்சு, பாத்தீங்கல்ல? அது சரி, அவன்மேல உங்களுக்கென்ன அவ்வளவு அக்கறை? கையைப் பிடிச்சாக்கூட ஓடிப்போய்க் கழுவுவீங்களே."

பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். உண்மைதான், கழுவுவேன். இனியும் கழுவுவேன். ஆனால் இந்த அறையில் இன்னும் ஐந்து நிமிடம் நின்றால் எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது என்று தோன்றியது. மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றேன். "இன்னிக்கே நின்னுக்கலாம்" என்றார்.

இவர், "உனக்குத்தான் அந்த வேலையே குமட்டுதே, நல்லதாப் போச்சு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். கரண்டியை எடுத்து அடிக்கலாம்போல் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

டயர் கடை மாடியில் ஒரு மழலையர் பள்ளி. படியெல்லாம் ரப்பர் நாற்றம். உள்ளே ஒரு சுவர் முழுக்கக் குழந்தைகளின் கறுப்புக் கைத்தடங்கள், யாரும் அதைத் துடைக்க முயன்றதாகத் தெரியவில்லை. உள்ளே நுழைந்ததுமே எனக்குக் கை கழுவ வேண்டும்போல் இருந்தது.

நடத்துகிற அம்மாள் நான்கு கேள்வி கேட்டார். எத்தனை வருட அனுபவம், ஏன் விட்டீர்கள், என்ன விளையாட்டெல்லாம் சொல்லித்தருவீர்கள். பதில் சொன்னேன். போர்வை விளையாட்டைச் சொன்னதும், "ஜெயிக்கிறது யாரு?" என்றார். போச்சு என்று நினைத்தேன். யாருமில்லை என்றேன். "அப்ப நல்லது, சண்டை மிச்சம்" என்றார்.

கடைசியாகச் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"அதை அப்புறம் பேசிக்கலாம். என்கூட ஒரு பையனும் வருவான். திங்கட்கிழமையே வரணும். நாலு வயசு. கூட்டத்துல சட்டுனு சேரமாட்டான், சுவத்தோரமாவே நிப்பான். முதல்லயே சொல்லிடறேன், கடிப்பான்."

அந்த அம்மாள் மேல்சட்டையின் வலது கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். பழுப்பேறிய பல்வரிசைத் தடம் ஒன்று. அதற்குக் கீழே புதிதாக இன்னொன்று.

"இது நேத்திக்கு" என்றார். "அவங்கம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகணும்?"