தலைமாட்டு விளக்குகள்

நவம்பர் 12, செவ்வாய்.

நான் வடிவமைத்த பொதுக் குளியலகத்தின் ஓய்வறை வேலை இன்று முடிந்தது. வெந்நீர்க் குளத்தைச் சுற்றி எட்டுக் கல் கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு சிறிய மஞ்சள் விளக்கு. பார்க்க வந்த ஜேர்மன்காரர் எல்லோரும் கைதட்டினார்கள். துப்புரவு வேலைக்கு வந்த ராசன் அண்ணை மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கோ அண்ணை."

"ஏலாது பிள்ளை. எட்டுப் பேரைக் கிடத்தி, தலைமாட்டில விளக்கு வைச்ச மாதிரிக் கிடக்கு. செத்த வீடு."

விசர்க்கதை கதைக்காதேங்கோ என்று எரிந்து விழுந்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் வரைபடத்தைத் தேடி எடுத்தேன். அம்மாவை எரித்த வாரம் வரைந்தது. அன்று இறுதிச் சடங்கு மண்டபத்தில் நெருப்புக்கு அனுமதியில்லை என்றார்கள். நானும் ஓம், சரி என்றுவிட்டு, தலைமாட்டில் விளக்கில்லாமலே அம்மாவை அனுப்பினேன்.