சிரிக்க மறுத்த ஓட்டுநர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் அப்படியே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

அம்மாவைச் சிலைப் பட்டறையை மூடச் சொல்லுங்கள், அந்தத் தூளும் வாடையும் அவள் இருமலை அதிகமாக்கும், இரண்டு பேரும் என்னிடமே வந்துவிடுங்கள் என்று நீ எழுதியதை அவளிடம் அப்படியே சொன்னேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவளோ, கையில இருக்கற ஓட்டுநர் சிலையோட நிறுத்திக்கறேன், பொண்ணு சொல்றது சரிதான் என்றாள். உன் அம்மா சண்டை போடாமல் ஒன்றை ஒத்துக்கொண்டால் எங்கோ கோளாறு என்று உனக்கே தெரியும்.

விஷயம் இதுதான். இறந்துபோன ஒரு பேருந்து ஓட்டுநருக்குக் கூட வேலை பார்த்தவர்கள் மார்பளவுச் சிலை கேட்டிருந்தார்கள். சிலையை மாட்டப்போகும் பேருந்துப் பணிமனைச் சுவர் மெலிசு, உருக்கி வார்த்த வெண்கலத்தைத் தாங்காது. அம்மாவின் வழியில் உலையும் இல்லை நெருப்பும் இல்லை, வெண்கலத் தூளை ரெசின் என்ற பிசினில் குழைத்து ரப்பர் அச்சுக்குள் பூசி இறுக விடுவதுதானே. கிண்ணத்தில் இருப்பது கெட்டியாவதற்குள் மூக்கு நுனிவரை பூசி முடிக்க வேண்டும், நடுவில் நான் வாயைத் திறந்தால் என்னையும் சேர்த்துப் பூசிவிடுவாள். அச்சைப் பிரித்ததும் முகம் மண் நிறத்தில் மந்தமாக வந்தது, அது எப்போதும் அப்படித்தான், கம்பி நாரால் தேய்த்தால்தான் உலோகம் வெளியே வரும். நெற்றியும் மூக்கும் தேய்த்துப் பார்த்தாள், யாரோ ஒருவர் போலவே இருந்தார். எல்லா அளவும் சரி, ஆளைத்தான் காணோம், என் கை போச்சு என்று உட்கார்ந்துவிட்டாள். நீ எழுதியதை நான் சொன்னது அன்றைக்குத்தான். மறுநாள் ஓட்டுநரின் மனைவி வந்து பார்த்துவிட்டு, கோவிச்சுக்காதீங்க, இது எங்க வீட்டுக்காரர் இல்ல என்றார். நானாக இருந்தால் ஆயிரம் சமாதானம் சொல்லியிருப்பேன். அம்மா அவர் கையில் கம்பி நாரைக் கொடுத்து, அவரை நினைச்சா முதல்ல எது கண்ணுல வருதோ அங்க தேய்ங்க என்றாள். அந்த அம்மாள் சிலையின் வாயில் இடது ஓரத்தைத் தேய்த்தார், அப்படியே கன்னத்துக்கு ஏறினார். அவருக்கு ஒரு பக்கமாத்தான் சிரிப்பு வரும், போட்டோன்னா அதையும் அடக்கிக்குவாரு என்றார். அம்மா சட்டென்று வலது பக்கத்தில் கறுப்பு மெழுகைத் தடவி மங்க வைத்தாள். அவ்வளவுதான், மனிதர் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் சிலையின் கன்னத்தில் ஒன்று போட்டு, இப்பத்தான் வந்தாரு, குசும்பு புடிச்ச மனுசன் என்று சொல்லி அழுதார். கூடவே இருந்தும் உன் அம்மாவின் கெட்டிக்காரத்தனம் எனக்கு அன்றுதான் முழுதாகத் தெரிந்தது.

அதனால் அம்மா வர மாட்டாள் மகளே. அதில் எனக்குப் பெருமைதான், கோபித்துக்கொள்ளாதே. டாக்டரிடம் காட்டியாயிற்று, வாடையை வெளியே இழுக்கும் விசிறி மாட்டியாயிற்று, முகமூடி போடாமல் தூள் டப்பாவைத் தொட விடமாட்டேன், அந்தக் காவல் என் பொறுப்பு. இன்று காலை புதிதாகக் களிமண் பிசைந்துகொண்டிருந்தாள், யார் முகம் என்று கேட்டால் உன் முகமாம். பொண்ணு நல்லா இருக்கும்போது எதுக்குடி சிலை என்று அதட்டினேன். பக்கத்துல இருந்தா எதுக்குச் செய்யப்போறேன் என்றாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு வாழ எங்கள் ஆசிகள். ஒன்றை மறந்துவிடாதே. உன் சிரிப்பு எந்தப் பக்கம் தொடங்கும் என்று அம்மா கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவளுக்கும் நினைவில்லை. போட்டோ வேண்டாம், ஒருமுறை வந்து சிரித்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அப்பா