டீ மாஸ்டருக்காக நீ கேட்ட மன்னிப்பு

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் டிரைவர் வாசனைக்காகப் புதிதாகப் பாண்டான் இலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அந்த வாசனை உனக்கு ஆகாது, ஏறியதும் ஜன்னலைத் திறந்துவிடுவாய். பழக்கதோஷத்தில் நானே எட்டி உன் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். இப்போது அங்கே உட்காருகிற பெண் தலைமுடி கலைகிறது என்று முறைத்தாள். அதே நேரம் என் கைப்பேசி விடாமல் அடித்தது. வேறென்ன, நம் அனிமே குரூப்தான். டீ மாஸ்டர் தன் வேலையைக் காட்டிவிட்டானாம்.

அவனை நீ மறந்திருக்க மாட்டாய். நாம் சேர்ந்து பார்த்த அந்த ஜப்பானிய கார்ட்டூன் தொடரில் பெண்கள் விடுதி வார்டன். குரலை உயர்த்தவே மாட்டான். யாரைத் தன் பிடிக்குள் கொண்டுவரப் போகிறானோ அவளுக்குத் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்து, களைப்பாக இருக்கிறாயே என்பான். அந்தப் பட்டப்பெயரை வைத்தது நம் ஆட்கள்தான். நம் ரெங்கத்தில் பஸ் ஏறினால் கூலாயில் கம்பெனி போய்ச் சேர்வதற்குள் ஒரு எபிசோடு முடிந்துவிடும். வழியில் செடெனாக் பக்கம் லைன் கிடைக்காது என்று நீ முதல் நாளே இறக்கி வைத்திருப்பாய். ஆளுக்கு ஒரு காதில் இயர்போன்.

குரூப்பில் இருந்த இருபத்துச் சொச்சம் பேருக்கும் அவன்மேல் அப்படியொரு மயக்கம். "மூளைனா இதுதான் லா" என்பார்கள். "நான் அந்த ஹாஸ்டல்ல இருந்தா நானே போய் டீ கேப்பேன்" என்றாள் ஒருத்தி. அவன் ஒரு பெண்ணை அழ வைத்தால் இவர்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள். பொய் சொல்வானேன், நானும் அனுப்பினேன். வரைந்தவர்கள் அவனுக்கு அவ்வளவு அழகான கண்ணை வைத்தது என் குற்றமா?

நீ மட்டும்தான் மாற்றி எழுதினாய். "இவன் இந்தப் பொண்ண அடிக்க மாட்டான், பாருங்க. அவ அக்காகூட பேசறத அவளாவே நிறுத்துவா. அப்புறம் அவன்கிட்ட வந்து அவளே ஸாரி கேப்பா."

குரூப் கொதித்தது. நீ மூலக்கதையான மங்கா காமிக்ஸைப் படித்துவிட்டு வந்து கதையை உடைக்கிறாய் என்றார்கள். கதையை முன்கூட்டி உடைக்கக் கூடாது என்பதுதான் நம் குரூப்பின் ஒரே சட்டம், அதைப் போட்ட அட்மின் நான். "அலமாக், இனிமே எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டு ஒருவன் குரூப்பை விட்டே போய்விட்டான்.

மறுநாள் பஸ்ஸில் நீ இயர்போனை எடுக்கவில்லை. "நான் எங்கடி படிச்சேன்?" என்றாய். "மூணு வருஷம் குளுவாங்குல அந்தாளோட குடும்பம் நடத்துனேன்ல. இப்படித்தான் ஆச்சு. எங்க அக்காகூட பேச்ச நிறுத்துனது நான்தான். கடைசில ஸாரி கேட்டதும் நான்தான்."

நீ புருஷனை விட்டு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தது ஊருக்கே தெரியும். ஏன் என்று நீ வாய் திறந்தது அன்றுதான், அதுவும் என்னிடம் மட்டும். நான் உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் குரூப் உடைந்துவிடுமே என்று கவலைப்பட்டேன். பொறுமையாக, ஒரு சொல் கடுமையாக விழாமல் பார்த்துக்கொண்டு சொன்னேன். "சரி விடு. நீயும் களைப்பா இருக்க. ஒரு ஸாரி போட்டுடு, எல்லாம் அடங்கிடும்."

"போட்டுடறேன்" என்றாய். செடெனாக் தாண்டி லைன் வந்ததும் போட்டாய். 'எல்லாரும் மன்னிச்சிருங்க. கதைய உடைச்சிட்டேன்.' அதற்கும் இதயம் அனுப்பினார்கள்.

ஏன்டி போட்டாய்? போட மாட்டேன் போடி என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாமே. இந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. உன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்றும் தெரிகிறது, அதனால் இன்னும் எரிச்சல்.

முதல் சீசன் பாதிக் கதையில் நின்றது. அடுத்தது வருவதற்குள் டெங்கி ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று வந்த எபிசோடில் நீ சொன்னது அப்படியே நடந்தது. அந்தப் பெண் அக்காவின் எண்ணைத் தானே அழித்துவிட்டு அவன் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கிறாள். இன்று காலை குரூப்பே அவனைத் திட்டித் தீர்க்கிறது. போன வாரம்வரை இதயம் அனுப்பியவர்கள், "இப்படிப்பட்டவன்னு யாருக்குத் தெரியும்?" என்கிறார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதோடு விட்டார்களா? "நம்ம அக்கா, பாவம், அப்பவே ஸ்பாய்லர் போட்டாங்கல்ல. மங்காவ சரியாத்தான் படிச்சிருக்காங்க" என்று ஒருத்தி உன்னைப் பற்றி எழுதினாள். செத்தும் உன்னை விடவில்லை, பார்.

பஸ் குலுங்கக் குலுங்க நானும் எழுதினேன். 'அது ஸ்பாய்லர் இல்ல. அவ எதையும் படிக்கல. அது தெரிஞ்சும் அவள ஸாரி போட வெச்சது நான். மன்னிப்பு கேக்க வேண்டியவ நான்தான்.'

அப்படியென்றால் அவருக்கு எப்படித் தெரியும் என்று மூன்று பேர் உடனே கேட்டார்கள். நான் பதில் போடவில்லை. அது நீ என்னிடம் சொன்னது. கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே கிடக்கட்டும்.

இப்போதெல்லாம் வேலையிடத்தில் யாராவது என்னிடம் ஸாரி சொன்னால், எதற்கு என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். பாதிப் பேர் விழிக்கிறார்கள், இவளோடு பெரிய தொல்லை என்று நினைப்பார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பதில் சொல்ல ஆரம்பித்து அழுதுவிட்டாள். வெளியே பஸ் ஹார்ன் அடித்தது, நான் எழுந்திருக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கூடவே இருந்துவிட்டு, இரண்டு பேரும் வாடகைக் காரில் வீடு வந்தோம்.

உன் பேச்சைக் கேட்க நான் எந்த பஸ்ஸையும் தவறவிட வேண்டியிருக்கவில்லை. நீ என் பக்கத்து இருக்கையில்தான் இருந்தாய்.