உன் வீட்டு வெயிலில் ஹைட்ரஜன்

என் மாலா அக்காவுக்கு,

நீ போன பிறகு ஆய்வுக்கூடத்தில் நான் தமிழ் பேசுவதே இல்லை. கூட இருப்பவர்கள் நல்லவர்கள்தான். மலாயில் கேட்டால் மலாயில் பதில், ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். ஆனால் ஒன்று சரியாக வந்துவிட்டால் யாரைப் பார்த்து "அக்கா, இங்க வாயேன்!" என்று கத்துவது?

உன் தூள் சரியாக வந்துவிட்டது, அக்கா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வெயில் பட்டால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கிற டைட்டானியம் டைஆக்சைடுத் தூள். அதை உலையில் வாட்டி, மேற்பரப்பில் கொஞ்சம் ஆக்சிஜன் அணுக்களைப் பிடுங்கிவிட வேண்டும் என்றாய். அப்படி உண்டாகும் குறைகளில்தான் உலோகத் துகள் நன்றாக ஒட்டும் என்றாய். மற்றவர்கள் அதற்குப் பிளாட்டினம் வைத்தார்கள். நீ செம்புதான் வேண்டும் என்று நின்றாய். "பிளாட்டினம் வச்சா நம்ம எஸ்டேட்டுல யாரு லா வாங்குவா?" என்று நீ கேட்டபோது பேராசிரியரே சிரித்துவிட்டார்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. காய்ச்சலோடு வந்து நீ உலையிலிருந்து எடுத்தாயே, அந்தத் தூள் வேலை செய்யவில்லை. கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. குறைகள் மேலோடு நிற்காமல் உள்ளேயும் இறங்கிவிட்டன. வெயில் கிளப்பிவிட்ட எலக்ட்ரான்கள் செம்புக்கு வந்து சேராமல் உள்ளேயே சிக்கி வீணாயின. நீ டெங்கிக் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தாய். சொல்ல மனம் வரவில்லை. பிறகு சொல்ல நீ இல்லை.

அதன் பின் உலையின் சூட்டைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். ஒருநாள் தூள் இளஞ்சாம்பல் நிறத்தில் வந்தது. செம்பு ஏற்றி விளக்கடியில் வைத்தேன். குமிழி வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். உன் நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

விளக்கு போதாது, ஒருநாள் நிஜ வெயிலில் வைத்துப் பார்க்கணும் என்பாயே. போன ஞாயிற்றுக்கிழமை குடுவையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கே போனேன். உன் காரியத்துக்குப் பிறகு உன் அம்மா என்னிடம் பேசியதில்லை. போன் போட்டாலும் எடுப்பதில்லை. வாசல் கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாசல் சிமெண்டுத் தரையில் குடுவையை வைத்தேன். தண்ணீர், உன் தூள், செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த கொஞ்சம் கிளிசரின். வெயில் ஏற ஏற, ஊசிமுனை போலக் குமிழிகள் ஒன்றிரண்டாகக் கிளம்பின. அம்மா எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை.

"இதானா அது? காய்ச்சலோட மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டு ஓடுனாளே, இதுக்குத்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "இல்லம்மா. அது சரியா வரல. அது கெட்டுப் போனதாலதான் சூட்டக் குறைக்கணும்னு புரிஞ்சிச்சி. அதுக்கப்புறம் செஞ்சது இது."

அம்மா குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிளினிக் போலாம் வாடின்னு கூப்புட்டேன். உலையில இருக்கும்மா, எடுத்துட்டு வந்துடறேன்னா."

"அவங்க செஞ்சது வீணாப் போகலம்மா" என்றேன்.

"அத மட்டும் சொல்லாத!" குரல் உடைந்துவிட்டது. "வர்ரவன் போறவன் எல்லாம் அதத்தான் சொல்றான். வீணாவே போயிருக்கட்டும். எம்புள்ள இருந்திருக்கணும்."

ஒருநாள் முன்னால் கிளினிக் போயிருந்தால் பிழைத்திருப்பாயா, அக்கா? மருத்துவருக்கே தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

அதற்குள் மேகம் மூடிக் குமிழிகள் நின்றுவிட்டன. நான் எல்லாவற்றையும் எடுத்துவைக்கத் தொடங்கினேன். அம்மா உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டார். "எங்க போற? மேகம் போவும். உக்காரு" என்றார். செம்பனைகளுக்கு மேலே வெளிச்சம் திரும்பும்வரை பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

அன்று மூடிய குடுவைக்குள் சேர்ந்த வாயுவைத் திங்கட்கிழமை சோதித்தேன். ஹைட்ரஜன்தான், அக்கா.

கட்டுரை எழுதும்போது உன் பெயர்தான் முதலில் வரும். ஆனால் நீ போனதற்கும் ஒரு பலன் இருந்தது என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன். யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்கவும் மாட்டேன். இது சத்தியம்.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
தேவி